15ஆம் வாரமும் 23ஆம் வாரமும்: ஒரு மெலனோமா திரும்பி வந்த வழி

நோயாளி 38 வயது ஆண். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் தொடங்கிய இடத்தோடு நிற்காமல், தோலுக்கு அடியில் உடம்பெங்கும் சிறுசிறு கட்டிகளாகப் பரவிவிட்டது. கட்டியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருப்பது பரிசோதனையில் தெரிந்ததால், அந்த மாற்றத்தையே குறிவைக்கும் பிஎல்எக்ஸ்4032 என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. அப்போது அது சோதனை நிலையில் இருந்த மருந்து. பிறகு வெமுராஃபெனிப் என்ற பெயரில் 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவருடைய விவரங்களை நிகில் வாக்ளே, லெவி கேரவே ஆகியோர் இடம்பெற்ற ஆய்வுக் குழு 2011இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி இதழில் வெளியிட்டது. கட்டுரையில் மூன்று படங்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் படத்தில் தோலெங்கும் கட்டிகள் புடைத்து நிற்கின்றன. 15 வாரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் அவை ஏறக்குறைய எல்லாமே மறைந்துவிட்டன. மூன்றாவது படம் 23ஆம் வாரத்தில் எடுத்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கட்டிகள் திரும்ப வந்துவிட்டன.

இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவே எட்டே வாரம். அந்த எட்டு வாரத்தில் உயிரணுக்களுக்குள் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. புற்றுநோய் என்றால் மரபணு கெட்டுப்போவது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி விளக்கம்தான். கெட்டுப்போன ஒரு மரபணு அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு வேறு எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, எவை அடங்கிப்போகின்றன என்று பார்த்தால்தான் நோய் ஏன் பரவுகிறது, மருந்துக்குப் பின் ஏன் திரும்புகிறது என்பது புரியும்.

சமிக்ஞை போகும் பாதை

உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. வளர்ச்சிக் காரணி ஒன்று வெளியிலிருந்து வந்து ஏற்பியில் ஒட்டியதும், உட்புறச் சவ்வில் இருக்கும் ராஸ் என்ற புரதம் செயல்நிலைக்கு வருகிறது. ராஸ், ராஃப் குடும்பப் புரதங்களை இரண்டிரண்டாக இணையச் செய்கிறது. பிராஃப் அந்தக் குடும்பத்தில் ஒன்று. இணைந்த ராஃப், மெக் என்ற புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மெக் அதையே எர்க் என்ற புரதத்துக்குச் செய்கிறது. எர்க்கில் ஒரு பகுதி உயிரணுக் கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவோடு ஒட்டி மரபணுக்களை இயக்கும் புரதங்களைத் தொடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் முழு விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எர்க் கருவுக்குள் வந்த சில நிமிடங்களில் ஃபாஸ் என்ற மரபணு இயங்கத் தொடங்கும். அதன் புரதம் அதிக நேரம் நிலைக்காது, சீக்கிரம் சிதைந்துவிடும். ஆனால் புரதம் உருவாகி வரும் நேரத்திலும் எர்க் செயல்நிலையில் இருந்தால், ஃபாஸின் வால்பகுதியில் பாஸ்பேட்டைச் சேர்த்து அதன் ஆயுளை நீட்டிவிடும். வந்தது நொடிநேரச் சமிக்ஞையா, நீடித்த சமிக்ஞையா என்பதை உயிரணு இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. சமிக்ஞை குறுகியதாக இருந்தால் ஃபாஸ் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நீடித்தால் அது ஜுன் என்ற புரதத்தோடு சேர்ந்து ஏபி-1 என்ற கூட்டாக மாறி, இரண்டாம் சுற்று மரபணுக்களை இயக்கத் தொடங்கும்.

பாதையை அடக்கும் ஏற்பாடும் இதற்குள்ளேயே உண்டு. எர்க் இயக்கும் மரபணுக்களில் டஸ்ப்6, ஸ்ப்ரௌட்டி போன்றவையும் அடங்கும். முதலாவது எர்க்கிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. இரண்டாவது மேலே ராஸ் மட்டத்திலேயே சமிக்ஞையைக் குறைக்கிறது. எர்க் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு தடையையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது.

பிராஃப் புரதத்தில் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயாளியைப் போன்றவர்களின் கட்டிகளில் பெரும்பாலும் அங்கே குளூட்டமிக் அமிலம் வந்துவிடுகிறது. வி600ஈ என்று குறிப்பிடுவது இந்த மாற்றத்தைத்தான். மெலனோமாவில் இது இவ்வளவு பரவலாக இருப்பதை 2002இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வகக் குழு கண்டறிந்தது. தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் மாற்றம் காணப்படுகிறது. மாறிய பிராஃபுக்கு ராஸின் கட்டளை தேவையில்லை, இன்னொரு ராஃபோடு இணையவும் தேவையில்லை. தனியாளாகவே மெக்கை இயக்கிக்கொண்டே இருக்கும். ஸ்ப்ரௌட்டி மேலே ராஸை எவ்வளவு அழுத்தினாலும் கீழே இருக்கும் இதற்கு அது எட்டாது.

மச்சத்தில் இருந்தும் பரவாதது ஏன்?

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தீங்கில்லாத சாதாரண மச்சங்களைச் சோதித்தபோது 82 சதவீதத்தில் பிராஃப் மாற்றம் இருந்தது. மெலனோமாவில் இருக்கும் அதே மாற்றம். ஆனாலும் மச்சம் ஓரளவு வளர்ந்து நின்றுவிடுகிறது, ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கிறது.

இடைவிடாத எர்க் சமிக்ஞை வந்ததும், ஆரோக்கியமான நிறமி உயிரணு பி16 போன்ற தடுப்பு மரபணுக்களை இயக்கி, பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. பி16 இழக்கப்பட்டாலோ வேறு பாதைகள் கெட்டாலோ இந்தத் தடுப்பு உடைந்து உயிரணு மறுபடியும் பெருகத் தொடங்குகிறது. ஆனால் பெருகுவது வேறு, பரவுவது வேறு. ஓரிடத்திலேயே பெருகும் கட்டியை அறுவை சிகிச்சை நிபுணர் வெட்டி எடுத்துவிடலாம். நோயாளியின் உயிரை எடுப்பது பெரும்பாலும் பரவல்தான். அதற்கு உயிரணு தன் குணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரான்சின் லியோன் நகர ஆய்வுக் குழு 2013இல் அந்தக் குணமாற்றத்தின் ஒரு முக்கியப் பகுதியைக் காட்டியது. இயல்பான நிறமி உயிரணுவில் ஜெப்2, ஸ்லக் என்ற இரண்டு புரதங்கள் மரபணுக்களை நிர்வகிக்கின்றன. மாறிய பிராஃபோ, ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த என்ராஸோ எர்க் பாதையை ஓயாமல் இயக்கும்போது அவை பின்வாங்கி, ஜெப்1, ட்விஸ்ட்1 என்ற வேறு இரண்டு புரதங்கள் பொறுப்புக்கு வருகின்றன. நடுவில் நின்று இதைச் செய்விப்பது ஃபாஸின் நெருங்கிய உறவான ஃப்ரா1. எர்க் ஓடும்வரை ஃப்ரா1 சிதையாமல் நீடிக்கும்.

பொறுப்பு கைமாறியதும் இ-கேடெரின் மரபணு அடங்குகிறது. நிறமி உயிரணுவைப் பக்கத்துத் தோல் உயிரணுக்களோடு பிணைத்து வைத்திருப்பது இ-கேடெரின் புரதம்தான். அது குறைந்தால் பிடி தளர்கிறது. இன்னொரு பக்கம் ஏபி-1 இயக்கும் மரபணுக்களில் எம்எம்பி குடும்ப நொதிகளும் உண்டு. இவை உயிரணுக்களைச் சுற்றியுள்ள கொலாஜன் போன்ற புரதங்களை அறுத்து வழி உண்டாக்குகின்றன. பிடி தளர்ந்து, வழியும் திறந்துவிட்டால் உயிரணு நிணநீர்க் குழாயையோ ரத்தக் குழாயையோ எட்ட முடியும்.

இதில் முக்கியமான விஷயம், இந்தக் கைமாற்றத்தைத் திருப்ப முடியும். டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறவில்லை; எந்த மரபணு படிக்கப்படுகிறது என்பதுதான் மாறியது. நிறமி உயிரணுவுக்கு நகர்வது புதிதும் அல்ல. கரு வளரும்போது நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து கிளம்பி நெடுந்தூரம் நகர்ந்துதான் அது தோலுக்கு வந்து சேர்கிறது. மெலனோமா இவ்வளவு சீக்கிரம் பரவுவதற்கு இந்தப் பழைய திறமை மறுபடி எழுவதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. கருநிறத் தோலில் மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது கூடுதல். அந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே இந்த மாத்திரை பொருந்துமா என்பதைக் கட்டியின் மரபணுவைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். உள்ளங்காலில் ஆறாத கரும்புள்ளி இருந்தால் ஆணிக்கால் என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்.

15ஆம் வாரம்

வெமுராஃபெனிப் மாறிய பிராஃபின் செயல்மையத்தில் போய் உட்கார்ந்து அதை அடைக்கிறது. மெக்குக்குச் சமிக்ஞை போவது நிற்கிறது, எர்க் அடங்குகிறது, சைக்ளின் டி1 போன்ற பெருக்க மரபணுக்கள் ஓய்கின்றன. இந்தப் பாதையையே நம்பியிருந்த உயிரணுக்கள் ஏராளமாக மடிகின்றன. கட்டிகளை எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: எர்க்கின் பாஸ்பேட்டை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தால்தான் கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது. அரைகுறையாக அடைத்தால் போதவில்லை.

675 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், அன்று வழக்கத்தில் இருந்த டகார்பசின் கீமோவுக்கு 5 சதவீதம் பேரின் கட்டிகளே சுருங்கின. வெமுராஃபெனிபுக்கு 48 சதவீதம். ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 64, 84 சதவீதம். பரவிய மெலனோமாவுக்கு அதுவரை எந்த மாத்திரையும் இப்படி ஒரு பலனைக் கொடுத்ததில்லை. ஆனால் நோய் மறுபடி வளரத் தொடங்கும்வரை கிடைத்த காலத்தின் இடைநிலை அளவு 5.3 மாதம்தான். நம் நோயாளியின் 23 வாரம் ஏறக்குறைய அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இடையில் பலருக்கு வெயில் படும் தோலில் வேறு வகைச் சிறு கட்டிகள் முளைத்தன. காரணம் விசித்திரமானது. சாதாரண பிராஃப் உள்ள உயிரணுவில் ராஸ் ஓடிக்கொண்டிருந்தால், இதே மருந்து ராஃப் ஜோடியில் ஒன்றில் ஒட்டி மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. மெலனோமாவில் எர்க்கை நிறுத்தும் மருந்து பக்கத்துத் தோல் உயிரணுவில் எர்க்கை ஓட்டுகிறது. அந்தச் சிறு கட்டிகளைச் சோதித்தபோது பலவற்றில் ராஸ் மாற்றம் முன்பே இருந்தது தெரியவந்தது.

23ஆம் வாரம்

நோய் திரும்பியதும் புதிய கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்து, சிகிச்சைக்கு முன் எடுத்து வைத்திருந்த திசுவோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோயோடு தொடர்புள்ள 138 மரபணுக்களின் எழுத்துவரிசை இரண்டிலும் படிக்கப்பட்டது. பிராஃப் மாற்றம் அப்படியே இருந்தது. புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: மெக் புரதங்களில் ஒன்றான மெக்1இன் 121ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின். பழைய திசுவில் அது தென்படவில்லை.

மெக் இருப்பது பிராஃபுக்கு அடுத்த படியில். மாறிய மெக்1 கூடுதலாகச் செயல்படுவதை ஆய்வகத்தில் உறுதி செய்தார்கள். பிராஃபை மருந்து அடைத்திருந்தாலும் எர்க் மீண்டும் ஓடத் தொடங்கியது. எர்க் ஓடினால் ஃப்ரா1, ஏபி-1, பெருக்க மரபணுக்கள் எல்லாம் பழையபடி இயங்கும். வந்த வழி மட்டும்தான் வேறு, மரபணுக்களுக்குப் போய்ச் சேர்ந்த கட்டளை அதேதான். ஆய்வகத்தில் இந்த மெக்1 மாற்றம் மெக்கை அடைக்கும் மருந்துக்கும் சேர்த்தே எதிர்ப்புக் காட்டியது.

மற்ற நோயாளிகளிடம் வேறு வழிகள் கண்டறியப்பட்டன. என்ராஸ் மாறுவது, காட் என்ற இன்னொரு கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும் புரதம்) மிகையாக வெளிப்படுவது, பிராஃபே துண்டாகி ஜோடி சேரும் வடிவம் எடுப்பது, அதன் பிரதிகள் பெருகுவது என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே புள்ளியில் முடிகின்றன: எர்க் மறுபடி ஓடுகிறது. மருந்தே இதற்குக் கொஞ்சம் உதவியும் செய்கிறது. எர்க் அடங்கியதும் ஸ்ப்ரௌட்டியும் டஸ்ப்6உம் உற்பத்தியாவது குறைகிறது. தடை விலகியதால் மேலே ராஸ் விழித்து, ராஃப்களை ஜோடி சேர்க்கிறது. ஜோடி சேர்ந்த ராஃபை வெமுராஃபெனிப் சரியாக அடைப்பதில்லை.

மரபணு மாற்றமே இல்லாமல் திரும்பும் கட்டிகள்

நம் நோயாளியிடம் குற்றவாளி பெயரோடு கிடைத்துவிட்டது. எல்லோரிடமும் அப்படிக் கிடைப்பதில்லை. கணிசமான நோயாளிகளின் திரும்பிய கட்டிகளில் புதிய மரபணு மாற்றம் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. 2015இல் செல் இதழில் வந்த ஆய்வு, இப்படிப்பட்ட கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டையே அளந்து பார்த்தது. சி-மெட் என்ற ஏற்பி கூடியிருந்தது, லெஃப்1 என்ற மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருந்தது. எழுத்து மாறாமல் வாசிப்பு மாறியிருந்தது. கூடவே, சில கட்டிகளில் புற்றுநோயைக் கொல்லும் சிடி8 டி செல்கள் குறைந்தோ சோர்ந்தோ போயிருந்தன.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் ராஜின் குழு 2017இல் இதற்கு இன்னும் நெருக்கமான விளக்கம் கொடுத்தது. ஆய்வகத் தட்டில் வளரும் மெலனோமா உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மரபணு வரிசை கொண்டவை, மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உயிரணுக்களில் ஈஜிஎஃப்ஆர், ஆக்ஸல், என்ஜிஎஃப்ஆர் போன்ற ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தன. இந்த நிலை தற்காலிகமானது. விட்டால் உயிரணு அதிலிருந்து வெளியே வந்துவிடும். மருந்து அந்த நேரத்தில் வந்தால் கதை மாறுகிறது. பிழைத்த உயிரணுக்களில் நிறமி உயிரணுவின் அடையாளத்தைக் காக்கும் சாக்ஸ்10 தொடர்பான இயக்கம் விலகி, ஜுன் சேர்ந்த ஏபி-1இன் இயக்கம் வலுத்து, தற்காலிக நிலை நிரந்தரமாகிவிடுகிறது.

இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். எதிர்ப்பு என்றாலே பிறழ்வு என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, மருந்து கொடுப்பதற்கு முன்பே தப்பிக்கும் நிலையில் உயிரணுக்கள் இருக்க முடியும் என்று அது கண்முன் காட்டியது. ஆக்ஸல் கூடிய மெலனோமா உயிரணுக்கள் மெதுவாகப் பெருகி, அதிகமாக ஊடுருவும் குணம் கொண்டவை என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மருந்துக்குத் தப்பும் நிலையும் பரவும் நிலையும் பல மரபணுக்களைப் பொதுவில் வைத்திருக்கின்றன. மருத்துவரைக் கவலைப்பட வைக்க வேண்டியது இதுதான்.

அதே மாற்றம், குடலில்

சமிக்ஞை எந்த உயிரணுவுக்குள் கேட்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெருங்குடல் புற்றுநோயை விட நல்ல சான்று கிடையாது. அங்கும் சில நோயாளிகளுக்கு பிராஃப் வி600ஈ உண்டு. அதே மருந்தை 21 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்குத்தான் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனம் 2012இல் காரணத்தைக் கண்டுபிடித்தது. குடல் உயிரணுவில் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி இயல்பாகவே நிறைய இருக்கிறது. பிராஃபை அடைத்ததும் பின்னூட்டத் தடை விலகி, ஈஜிஎஃப்ஆர் உடனே சமிக்ஞையை எடுத்து நடத்திவிடுகிறது. பெரும்பாலான மெலனோமா உயிரணுக்களில் இந்த ஏற்பி குறைவு, அதனால்தான் அங்கே மருந்து வேலை செய்கிறது. இந்தப் புரிதலின் பேரில் என்கோராஃபெனிப் என்ற பிராஃப் மருந்தோடு ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் செடுக்ஸிமாபைச் சேர்த்த சிகிச்சை 2020இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மெலனோமாவில் விதிவிலக்காக முளைக்கும் ஈஜிஎஃப்ஆர் உயிரணுக்கள் ஏன் தப்புகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

சிகிச்சையில் என்ன மாறியது?

முதல் மாற்றம், பிராஃபையும் மெக்கையும் சேர்த்து அடைப்பது. டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரண்டு மாத்திரைகளின் கூட்டு 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எர்க் திரும்ப எழுவது தாமதமாகிறது, வெயில் படும் தோலில் வரும் அந்தக் கட்டிகளும் குறைகின்றன. இரண்டு சோதனைகளில் இந்தக் கூட்டு மருந்தைப் பெற்ற 563 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நோய் வளராமல் இருந்தவர்கள் 19 சதவீதம். ஒரு காலத்தில் மாதக் கணக்கில் பேசப்பட்ட நோய்க்கு இது பெரிய முன்னேற்றம்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. எதிர்ப்புப் பெற்ற உயிரணுக்கள் எர்க்கை மிகையாக ஓட்டுகின்றன. மருந்தை நிறுத்தினால் அந்த மிகையே அவற்றை நலிவடையச் செய்யும். அப்படியானால் மருந்தை விட்டுவிட்டுக் கொடுக்கலாமே? எலிகளில் இது அழகாக வேலை செய்தது. மனிதர்களிடம் செய்த சோதனையில் எதிர்பார்த்தது நடக்கவில்லை. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் வளராத காலம் 9 மாதம், விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 5.5 மாதம். மாத்திரையை இடையில் தானாக நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கும் நோயாளிகளுக்கு இந்த முடிவைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய மாற்றம் வரிசையில் வந்தது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் தடைகளை விலக்கும் நிவோலுமாப், இபிலிமுமாப் ஊசிகளை முதலில் கொடுப்பதா, பிராஃப்-மெக் மாத்திரைகளை முதலில் கொடுப்பதா என்று டிரீம்செக் என்ற சோதனை நேரடியாக ஒப்பிட்டது. இரண்டு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள், ஊசி முதலில் பெற்றவர்களில் 71.8 சதவீதம், மாத்திரை முதலில் பெற்றவர்களில் 51.5 சதவீதம். இன்று பிராஃப் மாற்றம் இருந்தாலும், உடல்நிலை அனுமதித்தால், ஊசியில் தொடங்குவதே பொது வழக்கம். நோய் வேகமாக முற்றி, நாள் கணக்கில் பலன் தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரை முதலில் போகிறது.

அந்தச் சோதனையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. நோயெதிர்ப்பு ஊசிகளை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் 46 சதவீதம் பேரின் கட்டிகள் சுருங்கின. மாத்திரைகளுக்கு எதிர்ப்பு வந்த பிறகு அதே ஊசிகளைப் பெற்றவர்களில் அது 29.6 சதவீதம்தான். மாத்திரைகள் தோற்றபின் மரபணு வெளிப்பாடு மாறிய கட்டிகளில் டி செல்கள் சோர்ந்திருந்ததை 2015 ஆய்வு முன்பே பார்த்திருந்தது. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவையா என்பதை உறுதிசெய்ய, நோய் திரும்பும்போது எடுக்கும் பயாப்ஸியில் டிஎன்ஏவோடு நிறுத்தாமல், எந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் ஆர்என்ஏவையும் படிக்க வேண்டும்.